தூள் தகரத்தில் வைத்த மட்டை

அந்த வருடம் என் வீட்டுக்காரரை ஸ்டோர் வாசலிலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அவர் குடித்துவிட்டுப் போகவில்லை. நேரம் பிந்திப் போகவில்லை. யாரோடும் வாய்ச்சண்டையும் இல்லை. அவர் சட்டையில் என் மேசைப்பந்து மட்டையின் வாசனை இருந்தது, அவ்வளவுதான்.

தேயிலை ஃபேக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம், பதுளையிலிருந்து பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற மலையில் இருக்கிறது. அவருக்கு ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. முதுகு பிசகிப்போன நாளிலிருந்து செடிக்கு மருந்தடிக்கிற டாங்கியைத் தோளில் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற வேலை அவருக்கு ஆகாது. ஆகவே அந்த மாடி வேலை எங்களுக்குப் பெரிய விஷயம்.

எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு, பால் கொடுத்து, துணி மாற்றி, தூங்க வைப்பது. சாயந்திரம் கடைசிப் பிள்ளையைத் தாய் வந்து தூக்கிக்கொண்டு போனதும் நான் நேரே எங்கள் மண்டபத்துக்குப் போய்விடுவேன். அங்கே மேசைப்பந்து ஆடுகிற மேசை ஒன்று இருக்கிறது. ஸ்டாஃப் கிளப்புக்குப் புது மேசை வந்தபோது பழையதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அதில் ஒரு மூலை மழைத்தண்ணீர் குடித்து ஊதிப்போயிருக்கும். அந்த மூலையில் பந்து விழுந்தால் எழும்பாது. எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பையன்கள் எல்லாம் என்னிடம் தோற்றது அந்த மூலையால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்லட்டும்.

மாவட்டப் போட்டியில் இருபத்தொன்பது வயது வரைதான் ஆடலாம். எனக்கு அதுதான் கடைசி வருடம். அதற்கு முந்தின இரண்டு வருடமும் பண்டாரவளையிலிருந்து வருகிற ஒரே பெண்ணிடம் தோற்றிருந்தேன். முதல் தடவை அவள் என்னைவிட நன்றாக ஆடினாள், அதில் பேச்சே இல்லை. இரண்டாவது தடவை கடைசி கேமில் நான் முன்னால் இருந்தேன். அப்போது பார்த்து என் மட்டையில் ஒட்டியிருந்த ரப்பரின் ஓரம் கிளம்பிக்கொண்டது. விரலால் அழுத்தினேன், மறுபடி கிளம்பியது. நான் நேரே தள்ளின பந்து கூரையைப் பார்த்துப் போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழு வழியும் கிளம்பின ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். அடுத்த தடவை தோற்பதாக இருந்தால் என்னால் தோற்கவேண்டும், ரப்பரால் இல்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன்.

கடையில் ரப்பரோடு ஒட்டி வருகிற மட்டை ஒரு ரகம். அதில்தான் நான் அதுவரை ஆடினேன். நன்றாக ஆடுகிறவர்கள் வெறும் பலகையைத் தனியாக, ரப்பரைத் தனியாக வாங்கித் தாங்களே ஒட்டிக்கொள்வார்கள். ரப்பர் சதுரத் தாளாக வரும். மேலே வழுவழுவென்று ரப்பர், அடியில் ஸ்பொஞ்ச். ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, ஒரு பக்கத்துக்குக் கறுப்பு. பதுளை டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அவரிடம் சொல்லி வைத்து, இரண்டு தாளும் ஒரு நல்ல பலகையும் எடுத்துவிட்டேன். ஒட்டுகிற பசை மட்டும் அவரிடம் முடிந்துபோயிருந்தது.

"கொழும்பில இருந்து வரணும் தங்கச்சி. கொஞ்சம் பொறுங்களேன்" என்றார்.

எனக்கு இருக்கிற பொறுமையெல்லாம் பிள்ளைக்காம்பராவிலேயே செலவழிந்துவிடும். வெளியாட்களுக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு டயர் கடை இருந்தது. டியூப் பஞ்சர் ஒட்டுகிற சொலுஷன் ஒரு டப்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். டியூபும் ரப்பர், இதுவும் ரப்பர், பிறகென்ன என்பது என் கணக்கு.

அன்றைக்கு வெளியே பனி மூடிக் கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் வீட்டுக் காம்பராவுக்குள்ளேயே பாயை விரித்து உட்கார்ந்து முதலில் ஒரு பக்கத்தை ஒட்டினேன். ரொட்டிக்கு மாவு தேய்க்கிற போத்தலால் ரப்பரை உருட்டி உருட்டி அழுத்தினேன். ஓரத்தைப் பிளேடால் சுற்றி வெட்டினேன். பலகையோடு ரப்பர் அப்படியே பிறந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஞாயிறு, மண்டபத்தில் ஆடிப் பார்த்தால் பந்து துள்ளுகிறது! மெல்லத் தொட்டாலே பாய்கிறது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஊதிப்போன மூலையில்கூடப் பந்து எழும்பின மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலையில் பிள்ளைக்காம்பராவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், வேலைக்குப் போன மனுஷன் திரும்பி வருகிறார்.

"ஏய், என் சட்டைய எங்க போட்டு வச்சிருந்த?"

"கொடியிலதான். ஏன்?"

"டீமேக்கர் ஐயா உள்ள விடல. 'என்னப்பா, சைக்கிள் கட வச்சிருக்கியா'ன்னு கேக்கிறாரு. அத்தன பேரும் சிரிக்கிறானுக."

எங்கள் டீமேக்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டோரில் தூள் பக்குவத்துக்கு அவர்தான் பொறுப்பு. காலையில் வாசலில் நின்று ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவார். யாரையும் மோந்து பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். "என்னப்பா, சாப்டியா?" என்று பக்கத்தில் வந்து கேட்பார். பதில் சொல்வதற்குள் அவர் மூக்கு தன் வேலையை முடித்திருக்கும். பவுடர் ஆகாது, வாசனை எண்ணெய் ஆகாது, தலையில் பூ ஆகாது. தடிமனுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு போனவரையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, ஆனாலும் நியாயம் அவர் பக்கம்தான். வாடுகிற கொழுந்துக்குப் பக்கத்தில் எந்த வாசனை வந்தாலும் அது ஏறிக்கொள்ளும். கொழும்பில் தூளை ருசி பார்க்கிறவர் அதைக் கண்டுபிடித்தால் அந்தத் தூள் மொத்தமும் ஒதுங்கிவிடும்.

சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட்டேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். மட்டையின் மற்றப் பக்கத்தைக் காம்பராவுக்குள் ஒட்டாமல் வெளியே வாசற்படியில் உட்கார்ந்து ஒட்டினேன். ஆனால் மட்டையைக் கொண்டுபோய் வைத்தது கட்டிலுக்கு அடியில். கட்டில் மேல் அவருடைய கம்பளிச் சட்டை கிடந்தது. கம்பளி மாதிரி வாசனையைப் பிடித்து வைக்கிற சாமான் வேறு இல்லை. அடுத்த வாரம் குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டு போனவர் மறுபடியும் திரும்பி வந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லையாம். "இன்னொரு நாள் இந்த வாசனையோட வந்தா உன்ன மலைக்கு மாத்தச் சொல்லிருவேன்" என்று டீமேக்கர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் சொன்னால் செய்வார்.

"மட்டையத் தூக்கி ஆத்துல போடு" என்றார் இவர்.

"போடறேன். எனக்கு முப்பது ஆகட்டும், நானே கொண்டுபோய்ப் போடறேன்."

"அதுக்குள்ள நான் மருந்து டாங்கிய தூக்கிக்கிட்டு மலையில நிப்பேன்."

அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்தேன். ஒருவேளை அவர் சொல்வதே சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

இரண்டு நாள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை பதுளைக்குப் போனேன். நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சொலுஷன்ல ஒட்டினீங்களா? அந்தக் காலத்துல பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் ஒட்டினாங்க. ஸ்பொஞ்ச் ஊதிக்கும், பந்து பறக்கும். இப்ப அத நிப்பாட்டிட்டாங்க தங்கச்சி. போட்டியில மட்டைய வாங்கி மூக்குல வச்சுப் பாப்பாங்க. வாசன வந்தா வெளியதான்."

ஆகப் பந்து துள்ளினதுக்கு என் கை காரணம் இல்லை, சொலுஷன்தான் காரணம். அதைக் கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. நானா மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வைத்தார். புதுப் பசை வந்திருந்தது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. திறந்து மோந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. "பூசினா வெள்ளையா இருக்கும். காஞ்சு கண்ணாடி மாதிரி தெளியணும். தெளியிறதுக்கு முந்தி ஒட்டிராதீங்க, கொப்புளம் கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

பசை கிடைத்துவிட்டது. ரப்பருக்குள் ஏறியிருக்கிற பழைய வாசனையை என்ன செய்வது? வேறு ரப்பர் வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்கு வந்து, பிடிப் பக்கத்து மூலையில் நகத்தை விட்டு, மரத்தில் சிராய் கிளம்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு ரப்பரையும் உரித்தேன். ஸ்பொஞ்சில் சொலுஷன் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து உருண்டை உருண்டையாக எடுத்தேன். விரல் சிவந்துபோனது. அப்படியும் வாசனை போகவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், காற்றில் தொங்கவிட்டேன். எங்கள் ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். அது வாசனையை எங்கே கொண்டுபோகும்?

இவர் அடுப்பு முன்னால் குந்தியிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் தணிந்து கேலி வந்திருந்தது. டீமேக்கர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"'தேயில பச்சப்புள்ள மாதிரிப்பா. பக்கத்துல எத வச்சாலும் இழுத்து வாயில போட்டுக்கும்.' அன்னிக்கு வாசல்ல வச்சு எனக்குப் பாடம் எடுக்கிறாரு."

நான் பச்சைப்பிள்ளைகளோடு வாழ்கிறவள். அந்தப் பேச்சு எனக்குள் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது.

"என்னங்க சொன்னாரு?"

"அதான், பச்சப்புள்ள மாதிரி..."

"அப்ப இதையும் இழுத்துப் போட்டுக்கட்டும்" என்று எழுந்தேன்.

மாதாமாதம் தோட்டம் எங்களுக்குத் தருகிற தூள் அப்படியே பிரிக்காமல் இருந்தது. பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றைக் கழுவித் துடைத்து, தூளை அதில் கொட்டினேன். இரண்டு ரப்பரையும் மெல்லிய துணியில் சுற்றித் தூளுக்குள் புதைத்து மூடியை அழுத்தினேன். துணி சுற்றாமல் வைத்தால் தூசி ரப்பரில் அப்பிக்கொள்ளும் என்கிற அளவுக்குப் புத்தி அப்போதாவது இருந்தது. இன்னும் கொஞ்சத் தூளைப் பழைய சேலைத் துண்டில் முடிச்சுப் போட்டு, அவருடைய சட்டையும் கம்பளியும் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டினேன்.

"ஏய், அப்ப தேத்தண்ணிக்கு?"

"கொத்தமல்லி அவிச்சுத் தர்றேன்."

"கொத்தமல்லி வாசனையோட போனா அதுக்கும் அந்தாளு ஏதாவது சொல்லுவாரு."

அதனால் சுடுதண்ணியில் சீனி போட்டுக் குடித்தோம். தேயிலைக்குள்ளேயே பிறந்து, தேயிலையில் வேலை செய்து, காலையில் வெறும் சுடுதண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போன மனுஷன் அந்த மாதம் எங்கள் தோட்டத்தில் இவர் ஒருவர்தான் இருந்திருப்பார். பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டால் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஆனால் ஒரு நாள்கூடத் தகரத்தைத் திற என்று சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் அப்போது வந்த பிரியத்தை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கொஞ்ச நாள் கழித்துத் தகரத்தைத் திறந்தேன். தூளிலிருந்து சைக்கிள் கடை வாசனை குப்பென்று வந்தது. ரப்பரை எடுத்து மோந்தேன், தேயிலை மணந்தது. சிரித்தே விட்டேன். கெட்டுப்போன மேல் தூளை வழித்து எடுத்துவிட்டு, அடித் தூளைக் கிளறி, மறுபடி புதைத்தேன்.

பிறகு புதுப் பசையைப் பூசினேன். நானா சொன்ன மாதிரி ஸ்பொஞ்சிலும் பலகையிலும் ஒரே சீராகப் பூசிவிட்டுத் தெளிவதற்குக் காத்திருந்தேன். அது தெளிகிற மாதிரி தெரியவில்லை. பதுளை வெயிலில் சட்டென்று காய்கிற பசை எங்கள் பனியில் பாலாகவே நின்றது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் புகை ஏறும். கையில் வைத்து ஊதினால் எச்சில் ஈரம். மறுபடியும் தகரத்தைத்தான் பார்த்தேன். ஈரத்தையும் தூள் சும்மா விடாது, திறந்து வைத்தால் நமுத்துப்போகிறதே. தூளின் மேல் ஒரு கம்பி வலையை வைத்து, அதன் மேல் பலகையையும் ரப்பரையும் பசைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து மூடினேன். பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டு வந்து திறந்தால் பசை கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. பிடியிலிருந்து தொடங்கி மெல்லப் பதித்து, போத்தலால் உருட்டி, மேலே கோதுமை மா மூட்டையைத் தூக்கி வைத்தேன். மண்டபத்தில் ஆடிப் பார்த்தேன். பந்து முன்னைப்போலப் பாயவில்லை. ஆனால் நான் சொன்ன இடத்துக்குப் போனது. ஒவ்வொரு நாளும் ஆடி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, புத்தகத்துக்கு உறை போடுகிற பிளாஸ்டிக்கை வெட்டி ரப்பருக்கு மேல் ஒட்டி, பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரிதான் வைத்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் சாயந்திரம், சிவப்புப் பக்கத்தின் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு கொப்புளம் இருந்தது. எங்கேயோ ஈரம் மாட்டியிருந்திருக்கிறது. அப்படியே கொண்டுபோனால் நடுவர் ஆகாது என்று மட்டையைத் திருப்பித் தந்துவிடுவார். வெளியே மழை கொட்டியது. உள்ளேயேதான் உரிக்க வேண்டும். உரித்தேன். பலகை ரேகைக்குள் நின்ற பழைய சொலுஷன் ஒரு திட்டு அதோடு கிளம்பி வந்தது. அதைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை பூசி, தகரத்தில் வைத்துக் காயவிட்டு, ஒட்டி மூட்டைக்கு அடியில் வைத்தேன். கொப்புளம் போய்விட்டது. ஆனால் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது.

"இந்தாங்க, வாசன வருதா பாருங்க."

அவர் மோந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்கு?"

எனக்கும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இத்தனை நாள் அந்த வாசனையோடு ஒரே காம்பராவில் கிடந்து எங்கள் இரண்டு பேர் மூக்கும் மரத்துப்போயிருந்தது. அவருடைய சட்டையைப் பையிலிருந்து எடுத்து மாற்றி மாற்றி மோந்தோம். சட்டை எனக்குச் சட்டை மாதிரியே மணந்தது.

"நான் போகாம இருந்துரட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? சுடுதண்ணி குடிச்சது நானு" என்றார். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நாளைக்கு என்ன விரட்டிட்டாருன்னா, வீட்டுக்கு வரமாட்டேன். அடுத்த பஸ்ஸப் புடிச்சு நீ ஆடறதப் பாக்க வந்துர்றேன். உள்ள விட்டுட்டாருன்னா அங்க வரமாட்டேன்" என்றார்.

"வந்துராதீங்க" என்றேன்.

அதிகாலை பஸ் ஸ்டோர் வாசலைத் தாண்டித்தான் பதுளைக்கு இறங்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இவர் நீலச் சட்டையில் நடுவில் நின்றார். டீமேக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் வந்துகொண்டிருந்தார். இவருக்கு இன்னும் ஒரே ஆள்தான் முன்னால். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன், செடிதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு போன்தான், அது அவரிடம் இருந்தது. அதையும் ஸ்டோர் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பதுளை மண்டபத்தில் வெயில் வாசல் வழியாக நேரே உள்ளே விழுந்தது. நான் மாவட்டச் சாம்பியன் ஆகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காலிறுதியில் எனக்கு விழுந்தது பண்டாரவளைப் பெண். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் இருவருடைய மட்டையையும் கேட்டார். அவள் மட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுத்தார். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார், மூக்கில் வைத்தார். மறுபடியும் மோந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதென்ன, தேயிலை மணக்குதே!" என்றார் சிங்களத்தில்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "தோட்டத்து மட்டை இல்லையா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். எனக்கு இருக்கிற கோபத்துக்கு வேறொரு நாளாக இருந்தால் திரும்பிக் கேட்டிருப்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. மட்டை பிழைத்துவிட்டது. சட்டையும் பிழைத்திருக்குமா என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

முதல் கேமைத் தோற்றேன். வாசலைப் பார்த்துக்கொண்டே ஆடினால் பிறகு எப்படி? எங்கள் பக்கத்து அடுத்த பஸ் வருகிற நேரம் அது. வாசலில் நிழல் ஆடினாலே கண் அங்கே போனது. எந்தப் பெண்ணும் தன் புருஷன் வந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பாள். நான் வந்துவிடக் கூடாது என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு பந்து போட்டேன். இரண்டாவது கேமில் ரப்பர் பந்தைப் பிடித்து வெட்டத் தொடங்கியது. அவள் வேகமாக அடித்தாள், நான் மெல்ல அறுத்துத் திருப்பினேன். அவள் இன்னும் வேகமாக அடித்தாள், நான் இன்னும் மெல்லத் திருப்பினேன். கரண்டியைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவள் நான், எனக்கு அவசரம் இல்லை. அந்தக் கேம் எனக்கு. அடுத்தது அவளுக்கு. அதற்கடுத்தது எனக்கு.

கடைசிக் கேமில் இருவரும் சரிக்குச் சரியாக வந்தோம். அப்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். பின்னால் வெயில், முகம் தெரியவில்லை. சட்டை மட்டும் நீலம். ஒரு பந்தை வலையில் போட்டேன், அடுத்ததை மேசைக்கு வெளியே போட்டேன். மருந்து டாங்கியும் அவருடைய முதுகும்தான் கண்ணுக்குள் நின்றது. ஆள் உள்ளே நடந்து வந்து, எதிர்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவளுடைய அப்பா.

எனக்கு வந்ததே ஒரு கோபம். அந்த மனுஷன் மேல் இல்லை, அந்தப் பெண் மேலும் இல்லை. வாசலைப் பார்த்தே இரண்டு புள்ளியைத் தொலைத்த என் மேல். ரப்பரைச் சட்டையில் ஒரு தரம் துடைத்துக்கொண்டேன். வாசலுக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி நின்று, இனித் திரும்பக் கூடாது என்று காலை ஊன்றினேன். ஒவ்வொரு பந்தாகத் திருப்பினேன். அவள் இடது மூலைக்கு அடித்தாள், எடுத்தேன். வலது மூலைக்கு அடித்தாள், எடுத்தேன். எங்கள் மண்டபத்து ஊதின மூலையில் எழும்பாத பந்தை எடுத்துப் பழகினவளுக்கு நல்ல மேசையில் எந்தப் பந்தும் பெரிய பந்து இல்லை. அவள் கடைசியாக அடித்த பந்தை அடியோடு அறுத்து வலைக்கு மேல் சும்மா விட்டேன். அது அவள் பக்கம் விழுந்து, எழும்பாமல் அப்படியே நின்றுவிட்டது.

கைகொடுக்கக்கூட மறந்துபோய் வாசல் பக்கம் திரும்பினேன். அடுத்த பஸ்ஸும் அதற்கடுத்த பஸ்ஸும் வந்துபோகிற நேரம் தாண்டியிருந்தது. வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும் தரையில் கிடந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்து, மட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ஜெயித்ததுக்கு அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் சுற்றி வந்து என் தோளைத் தட்டினாள். பார்க்க யாரும் வரவில்லையா என்று கேட்டாள்.

"வரல" என்றேன். "எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வேலைக்குப் போயிட்டாரு."